மானியம் கூடியது, நாங்கள் கட்டும் தொகை குறையவில்லை: நடுவில் பணம் எங்கே போகிறது?

மூன்று நாள் அம்மா கேட்கிறார்:

வணக்கம். எங்கள் மகளுக்கு இரண்டரை வயது ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் ஒரு தனியார் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறாள். அந்த மூன்று நாளும் நான் வேலைக்குப் போகிறேன். பல நாடுகளில் இருப்பவர்கள் இதைப் படிப்பதால், காப்பகம் ஒரு நாளைக்கு வாங்கிய பழைய கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எண்களையும் அதே விகிதத்தில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வரை எங்களுக்குக் கிடைத்த அரசு மானியம் 50 சதவீதம். அது நேராகக் காப்பகத்துக்குப் போய்விடும். மீதி 50 எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். மானியத்தை 60 சதவீதமாக உயர்த்துவதாக அரசு அறிவித்தபோது, இனி நாளொன்றுக்கு 40தான் என்று வீட்டுச் செலவுக் கணக்கைக்கூட மாற்றி எழுதிவிட்டேன். முதல் ஆறு வாரம் அப்படியே நடந்தது. ஏழாவது வாரம் காப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி இரண்டு பத்தி, ஊழியர்களின் அர்ப்பணிப்பைப் பற்றி ஒரு பத்தி, அதற்குக் கீழே ஒரே வரியில் கட்டணம் 110 ஆகிறது என்ற செய்தி. 110இல் 60 சதவீதம் 66, ஆக நாம் கட்ட வேண்டியது 44, நான்குதானே கூடுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ரசீதில் பிடித்திருந்த தொகை 50. அதாவது மானியம் உயர்வதற்கு முன்பு என்ன கட்டினேனோ அதே தொகை.

என் முதல் சந்தேகம், 44 ஆக இருக்க வேண்டியது எப்படி 50 ஆயிற்று என்பது. காப்பக அலுவலகத்தில் கேட்டால், அது அரசின் கணக்கு, எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். இரண்டாவது, இப்படி அரசு கொடுப்பதையெல்லாம் காப்பகமே எடுத்துக்கொள்ளும் என்றால் பெற்றோர் பெயரில் மானியம் எதற்கு, கட்டணத்தையே அரசு நிர்ணயித்துவிட முடியாதா என்பது. மூன்றாவது சொந்த விஷயம். அலுவலகத்தில் நான்காவது நாளும் வரச் சொல்கிறார்கள். அதனால் கையில் ஏதாவது மிஞ்சுமா, அல்லது காப்பகத்துக்கு உழைத்துக் கொடுப்பதாக முடியுமா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய கணக்கர்:

ஒரு காப்பகத்தின் கணக்குகளை ஒன்பது ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், சகோதரி. அலுவலகத்தில் உங்களிடம் தெரியாது என்று சொன்னது சரியில்லை. ரசீதைத் தயாரிக்கும் மென்பொருளிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. அரசு உங்களுக்குத் தருவது காப்பகம் வாங்கும் கட்டணத்தின் 60 சதவீதம் அல்ல. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். காப்பகத்தின் மணிக்கட்டணம், அந்த உச்சவரம்பு, இரண்டில் எது குறைவோ அதன் 60 சதவீதமே மானியம். உங்கள் ரசீதில் ஒரு நாள் செஷன், அதாவது குழந்தை எவ்வளவு நேரம் இருந்தாலும் காப்பகம் கட்டணம் போடும் நேர அளவு, 10 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். கட்டணம் 100 ஆக இருந்தபோது மணிக்கு 10. அது சரியாக உச்சவரம்பில் இருந்திருக்கும். 110 ஆனபின் மணிக்கு 11. அரசோ 10க்கு மேல் கண்ணெடுத்தும் பார்க்காது. எனவே மானியம் 60 இலேயே நிற்கிறது, உயர்ந்த பத்தும் முழுதாக உங்கள் தலையில் விழுகிறது. 110இல் 60 போக 50.

இதனால்தான் மானிய விகிதத்தை மட்டும் பார்த்து வீட்டுச் செலவைத் திட்டமிடக் கூடாது. எதன்மீது கணக்கிடப்படும் விகிதம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். உச்சவரம்பைத் தாண்டிய ஒவ்வொரு காசும் மானியமே இல்லாத காசு. அந்தப் பகுதிக்கு 90 சதவீத மானியம் பெறும் ஏழைக் குடும்பமும் உங்களைப் போலவே முழுத் தொகையைக் கட்டுகிறது. குறைந்த வருமானக்காரர்களை இது அதிகமாகக் கடிக்கும். நாளொன்றுக்கு 10 கட்டிக்கொண்டிருந்த குடும்பம் 20 கட்ட வேண்டி வந்தால் அவர்களுக்கு அது இரு மடங்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 110 கட்டணத்தை 11 மணி நேரச் செஷன் என்று காப்பகம் பதிவு செய்தால் மணிக்கட்டணம் மீண்டும் 10 ஆகிவிடும்; மானியம் 66, நீங்கள் கட்டுவது 44. குழந்தை ஒரு நிமிடம்கூட அதிகமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மானியம் பெறும் மணி நேரத்துக்கும் இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று ஓர் ஒதுக்கீடு இருக்கும். ஆஸ்திரேலியாவில் 2026 ஜனவரியிலிருந்து தகுதியுள்ள குடும்பங்களுக்கு அது குறைந்தது 72 மணி நேரம். வாரத்தில் மூன்று நாள் அனுப்பினால் இரண்டு வாரத்துக்கு 66 மணி நேரம்தான் ஆகும், பிரச்சினை இல்லை. நான்கு நாள் அனுப்பினால் 88 மணி நேரம். 72க்கு மேற்பட்ட 16 மணி நேரத்துக்கு முழுக் கட்டணம். சராசரியாக நாளுக்கு 56 ஆகிவிடும். எனவே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும் முன் ரசீதில் செஷனின் நீளத்தைப் பாருங்கள். பெரும்பாலான பெற்றோர் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டுமே பார்க்கிறார்கள்.

அரசு கொடுப்பதைக் காப்பகம் எடுத்துக்கொள்கிறது என்ற உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியை விளக்க வேண்டியது என் கடமை. எங்கள் காப்பகத்தில் செலவின் பெரும்பகுதி சம்பளம். ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2023இல் நடத்திய விசாரணையிலும் முழுநாள் காப்பகங்களின் செலவில் சுமார் 69 சதவீதம் ஊழியர் செலவு என்றே கண்டது. இதை இயந்திரம் வைத்துக் குறைக்க முடியாது, ஏனெனில் எத்தனை குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே 24 மாதத்துக்குக் கீழ் நான்கு குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 36 மாதம் வரை பெரும்பாலான மாநிலங்களில் ஐந்து பேருக்கு ஒருவர்; இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பேருக்கு ஒருவர். பராமரிப்பாளரின் ஒரு நாள் சம்பளம் 240 என்றால் கைக்குழந்தைகள் அறையில் ஒரு குழந்தையின் பங்கு 60. அதுவும் எட்டு மணி நேர வேலைக்குத்தான். காப்பகம் திறந்திருப்பதோ பதினொரு மணி நேரம், ஆகவே ஒரு இடத்துக்கு ஒன்றரை ஆள் என்ற கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படியிருந்தும் எங்களிடம் கைக்குழந்தைக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. பெரிய குழந்தைகளின் அறையில் மிஞ்சுவதை எடுத்துத்தான் சிறிய குழந்தைகளின் அறையில் விழும் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

நியாயமான பாதி இதுதான்: சம்பளம் எப்போதும் மானியம் உயர்ந்த ஏழாவது வாரத்திலேயே உயர்வதில்லை. பெற்றோர் கையில் பத்து மிச்சமாகிறது என்று தெரிந்தால், ஒத்திப்போட்டு வைத்திருந்த கட்டண உயர்வை அப்போது அறிவிப்பது எளிது. அன்று எதிர்ப்பு குறைவாக இருக்கும். நானே அப்படிப்பட்ட மின்னஞ்சல்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அதே ஆணையம், 2018க்கும் 2022க்கும் இடையில் ஆஸ்திரேலியாவில் காப்பகக் கட்டணம் 20 சதவீதம் உயர்ந்ததாகவும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் நாடுகளில் சராசரி உயர்வு 9.5 சதவீதமே என்றும் சொன்னது. மானியம் கூடியதும் பெற்றோரின் சுமை முதலில் குறைகிறது, பிறகு கட்டண உயர்வு அந்தப் பயனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது என்பதும், மணிக்கட்டண உச்சவரம்பு விலையைக் கட்டுப்படுத்தும் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதும் அதன் முடிவுகள்.

வரிசையில் காத்தவள்:

கணக்கர் ஐயா சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. சகோதரி வேறு காப்பகத்துக்கு மாறியிருக்கலாமே, ஏன் மாறவில்லை? அருகில் இடம் இருந்திருக்காது; இருந்தாலும் இரண்டரை வயதுக் குழந்தையை, பழகிய பராமரிப்பாளரின் மடியிலிருந்து பத்து ரூபாய்க்காகவோ பத்து டாலருக்காகவோ யார் பிடுங்குவார்கள்? மானியத்தின் பயன் யாரிடம் போய்ச் சேரும் என்பதை அந்தப் பிடிதான் தீர்மானிக்கிறது. நகர முடியாதவர் அதிக விலை கொடுப்பார். இடங்கள் தாராளமாக உள்ள பகுதியில் இதே மானிய உயர்வு பெரும்பாலும் பெற்றோர் கையில் தங்கியிருக்கும்.

கட்டணத்தை அரசு நிர்ணயிக்க முடியாதா என்றால், முடியும், பல இடங்களில் செய்திருக்கிறார்கள். சுவீடனில் 2002இல் பெற்றோர் கட்டணத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள்: முதல் குழந்தைக்குக் குடும்ப வருமானத்தில் 3 சதவீதம், இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1, நான்காவதுக்கு ஒன்றுமில்லை, கணக்கில் எடுத்துக்கொள்ளும் வருமானத்துக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. காப்பகத்தின் செலவு எவ்வளவு உயர்ந்தாலும் அது பெற்றோரின் ரசீதில் தெரியாது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலர் என்று தொடங்கியது. 2004இல் அது 7 ஆனது. 2021இல் கனடாவின் மத்திய அரசு அதே வழியை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டு, ஐந்தாண்டுகளில் சராசரியாக நாளுக்கு 10 டாலர் என்று இலக்கு வைத்தது.

ஆனால் நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்டணம் நிர்ணயிக்கப்பட்ட இடத்தில்தான் நான் வசிக்கிறேன். மகன் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது பெயர் பதிந்தேன். அவனுக்கு இரண்டு வயது முடிந்த பிறகு இடம் கிடைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் முதல் ஆண்டு என் விடுப்பில் கழிந்தது. இரண்டாவது ஆண்டு ஒரு வீட்டுப் பராமரிப்பாளரிடம் முழுத் தொகையையும் மானியமின்றிக் கொடுத்தேன். என் தோழிக்கு மட்டும் முதல் பிறந்த நாளுக்கு முன்பே இடம் வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே அரசு, ஒரே திட்டம். ஆனால் அந்த ஆண்டு அவள் கட்டியதைப்போல ஐந்து மடங்கு நான் கட்டினேன். விலையை மட்டும் இறக்கி, இடங்களைக் கூட்டாமல் விட்டால், மானியம் குலுக்கல் சீட்டு ஆகிவிடுகிறது. விழுந்தவருக்கு எல்லாம், விழாதவருக்கு ஒன்றுமில்லை. கியூபெக்கிலும் மலிவான இடம் கிடைக்காதவர்கள் மானியமில்லாத காப்பகத்தில் முழுக் கட்டணம் கொடுத்துவிட்டு வரிச் சலுகையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் இன்னொரு வழி உருவானது.

சுவீடனில் இது ஓரளவு நன்றாக நடப்பதற்குக் காரணம் 3 சதவீதம் மட்டுமல்ல என்பது என் எண்ணம். பெற்றோர் விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் இடம் தர வேண்டிய கடமை அங்கே உள்ளாட்சிக்கு இருக்கிறது. ஜெர்மனியிலும் 2013 ஆகஸ்டு முதல், ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இடம் பெறுவது சட்ட உரிமை. இடம் தரத் தவறினால் பெற்றோர் இழந்த சம்பளத்தை நகராட்சி ஈடுசெய்ய வேண்டி வரலாம் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. விலைக்கு வரம்பு, இடத்துக்கு உரிமை என்று இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் பெற்றோர் கட்டும் தொகை உண்மையில் இறங்குகிறது.

பழைய கணக்கர்:

காத்திருப்பு பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஒன்று சேர்க்கிறேன். அரசு நிர்ணயிக்கும் தொகை காப்பகத்தின் செலவை ஈடுகட்டாவிட்டால், காப்பகம் மூடாது. வேறு வாசல் தேடும். இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு 2017 செப்டம்பரிலிருந்து வாரம் 30 மணி நேரம் இலவசம்; 2025 செப்டம்பரிலிருந்து அது ஒன்பது மாதக் குழந்தைகள் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் ரசீது பூஜ்யமாக வரும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் அந்த 30 மணி நேரம் ஆண்டில் 38 வாரங்களுக்கு மட்டுமே. விடுமுறையிலும் திறந்திருக்கும் காப்பகம் அந்த 1,140 மணி நேரத்தை 51 வாரத்துக்குப் பரப்பினால் வாரத்துக்கு 22 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். மீதி நேரத்துக்குக் காப்பகம் வைத்ததே விலை. அதோடு உணவுக்கு இவ்வளவு, டயப்பருக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணங்கள். அவற்றைக் கட்டினால்தான் இடம் என்று நிபந்தனை போடக் கூடாது என்பது அங்குள்ள விதி. இடத்துக்காகத் தவிக்கும் பெற்றோர் எத்தனை பேர் அதைச் சுட்டிக்காட்டி வாதாடுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஜப்பான் 2019 அக்டோபரில் 3 முதல் 5 வயது வரை இலவசம் ஆக்கியபோது, உணவுச் செலவு பெற்றோருடையது என்று வெளிப்படையாகவே வைத்துக்கொண்டது. ரசீதில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது என்ற அளவில் அது மேல்.

பெற்றோர் பெயரில் மானியம் தருவது, கட்டணத்தையே அரசு நிர்ணயிப்பது, இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசு 2024இல், ஊழியர்களுக்கு 15 சதவீதச் சம்பள உயர்வுக்கான பணத்தை இரண்டு கட்டமாகத் தருவதாகக் கூறி, அதைப் பெறும் காப்பகம் அந்த ஆண்டில் கட்டணத்தை 4.4 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று நிபந்தனை போட்டது. பணத்தைப் பெற்றோர் பெயரில் கொடுக்கும்போது வைக்க முடியாத கடிவாளத்தை, காப்பகத்துக்கே கொடுக்கும்போது வைக்க முடிகிறது.

வெள்ளிக்கிழமை விடுப்பு:

நான்காவது நாள் கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். சென்ற ஆண்டு என் மனைவியும் நானும் சமையலறை மேசையில் இரண்டு இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மணி நேர ஒதுக்கீட்டை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

நான்காவது நாளுக்கு உங்களுக்கு 200 சம்பளம் என்று கொள்வோம். அதில் வரி 60. காப்பகத்துக்கு 50. மிஞ்சுவது 90 என்று நினைப்பீர்கள். ஆனால் மானிய விகிதம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலிய முறைப்படி ஆண்டு வருமானம் ஒவ்வொரு 5,000 கூடும்போதும் மானியம் ஒரு சதவீதப் புள்ளி குறையும். வாரம் 200 வீதம் 50 வாரத்துக்கு 10,000 கூடுகிறது. மானியம் 60இலிருந்து 58 ஆகிறது. அந்தக் குறைவு நான்காவது நாளுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் மூன்று நாளுக்கும் சேர்த்து என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நான்கு நாளுக்கு, மானியம் கணக்கிடப்படும் 400இல் 2 சதவீதம், வாரத்துக்கு 8. ஆக 200 சம்பாதித்ததில் கையில் 82.

இதே கணக்கை இரண்டு குழந்தைகளுக்குப் போட்டால் காப்பகத்துக்கு 100, மானியக் குறைவு 16, வரி 60, மிஞ்சுவது 24. போக்குவரத்துச் செலவில் அதுவும் கரைந்துவிடும். (அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட இரண்டாவது குழந்தைக்கு விகிதம் கூடுதல், அதை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் நிலைமை இவ்வளவு மோசமாக இருக்காது.) எங்களுக்கு இரண்டு குழந்தைகள். அதனால்தான் என் மனைவி நான்காவது நாள் வேலைக்குப் போகிறார், நான் வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கிறேன். காப்பகச் செலவை எப்போதும் அம்மாவின் சம்பளத்திலிருந்தே கழிக்கும் பழக்கத்தை அந்த இரண்டு இரவுகளில்தான் நான் கவனித்தேன். கணக்கில் அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

மானியம் படிப்படியாகக் குறைவது ஒரு வகை. ஒரே அடியாக அறுந்துபோவது இன்னொரு வகை. இங்கிலாந்தில் பெற்றோர் இருவரில் ஒருவரின் வருமானம் ஆண்டுக்கு 1,00,000 பவுண்டைத் தாண்டினால் அந்த 30 மணி நேரமும் போய்விடும், காப்பகச் செலவில் எட்டுப் பவுண்டுக்கு இரண்டு பவுண்டு அரசு சேர்த்துத் தரும் திட்டமும் போய்விடும். இருவரும் தலா 99,000 சம்பாதிக்கும் குடும்பத்துக்கு எல்லாம் உண்டு. ஒருவர் மட்டும் 1,01,000 சம்பாதிக்கும் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. எனவே சம்பள உயர்வு வந்ததும் அதை ஓய்வூதியக் கணக்கில் போட்டு வருமானத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கடிதம் வந்தவர்:

ஓர் எச்சரிக்கை மட்டும். நான்காவது நாளுக்கு ஒப்புக்கொண்டால், அன்றே அரசுத் தளத்தில் உங்கள் வருமான மதிப்பீட்டை மாற்றிவிடுங்கள், அம்மா. மானியம் நீங்கள் சொன்ன உத்தேச வருமானத்தின்மீது தரப்படுகிறது. ஆண்டு முடிந்து வரிக்கணக்கு வந்ததும் உண்மை வருமானத்தோடு ஒப்பிட்டு, அதிகம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்காகவே மானியத்தில் 5 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் மதிப்பீட்டைத் திருத்த மறந்து, பதினான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அந்த ஆண்டு மலிவாகக் கழிந்தது என்று நினைத்ததெல்லாம் கடனாக வந்து நின்றது.

மானியத்தைக் காப்பகத்துக்குத் தராமல் பெற்றோர் கையில் கொடுத்துப் பிறகு சரிபார்ப்பது இன்னும் ஆபத்தானது. நெதர்லாந்தில் அப்படித்தான் நடந்தது. சிறு பிழைகளுக்காகவும், மோசடி என்ற தவறான சந்தேகத்தாலும், முழு மானியத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லி வரித்துறை பல்லாயிரம் குடும்பங்களைக் கடனில் தள்ளியது. அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

மூன்று நாள் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் ஐயா சொன்னபடி பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். 10 மணி நேரச் செஷன் என்றுதான் இருக்கிறது. கட்டணம் உயர்ந்ததிலிருந்து மணிக்கு 11. மகளை நான் காலை எட்டரைக்கு விட்டு மாலை ஐந்துக்கு அழைத்து வருகிறேன், எட்டரை மணி நேரம்தான். அவள் அங்கே இருக்கும் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரத்துக்கு அதிகமாகவே இத்தனை நாளும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று மாலை அழைத்துவரப் போனபோது பொறுப்பாளரிடம் நேராகக் கேட்டேன். 9 மணி நேரச் செஷன் ஒன்று இருக்கிறதாம், கட்டணம் 95. அறிவிப்புப் பலகையிலும் இல்லை, மின்னஞ்சலிலும் இல்லை. கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம் என்றார். மணி நேர உச்சவரம்புப்படி 90இல் 60 சதவீதம் 54 மானியம், நான் கட்டுவது 41. எங்கள் ஒதுக்கீடும் இரண்டு வாரத்துக்கு 72 மணி நேரம்தான். வாரம் நான்கு நாள், நாளுக்கு 9 மணி நேரம் என்றால் சரியாக 72இல் வந்து நிற்கிறது. மூன்று நாளுக்கு இப்போது வாரம் 150 கட்டுகிறேன். நான்கு நாளுக்கு 164, மானிய விகிதம் குறைவதையும் சேர்த்தால் சுமார் 171. இருபத்தொன்று அதிகம் கட்டி ஒரு நாள் வேலைக்குப் போகலாம் என்று அலுவலகத்துக்கு எழுதத் தயாராகிவிட்டேன்.

அவளுடைய அறையில் நான்காவது நாளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் இடம் இருக்கிறதாம். அலுவலகத்தில் கேட்பதோ செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கான காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வரும் திங்கள் முதல் மூன்று நாளும் 9 மணி நேரச் செஷனுக்கு மாறுகிறாள்.